எனக்கு மட்டும் சொல்லாத முன்கணிப்பு

என் நாக்கிலிருந்து வெட்டியெடுத்த துண்டு என்னைப் பற்றி என்ன சொன்னது என்பது என் கணவருக்குத் தெரிந்திருந்தது. பாப்பாமோட்டையில் வயல் செய்துகொண்டிருக்கும் அவருடைய அக்காவுக்குத் தெரிந்திருந்தது. எங்கள் பங்குச் சாமியாருக்குத் தெரிந்திருந்தது. நான் கணிதம் படிப்பிக்கும் பாடசாலையின் அதிபருக்கும் தெரிந்திருந்தது. எனக்குத்தான் தெரியாது. நாக்கு என்னுடையது.

கொஞ்சம் மனம் ஆறிய பிறகு இதை எழுதலாமே என்று சிலர் சொன்னார்கள். ஆறவில்லை. இனியும் ஆறும் என்று தோன்றவில்லை. ஆகவே ஆறாமலே எழுதுகிறேன்.

முதலில் நாக்கின் இடது ஓரத்தில் ஒரு புண் வந்தது. கடைவாய்ப் பல் ஒன்று உடைந்து கூராக நின்றது. அது உரசித்தான் புண் என்று நினைத்தேன். மன்னாரில் பல் வைத்தியர் ஒரு இளம் பெண். அவர் பல்லை ராவிவிட்டு, இரண்டு கிழமையில் ஆறாவிட்டால் கட்டாயம் வரவேண்டும் என்று சொன்னார். ஆறவில்லை, போனேன். சின்னத் துண்டொன்றை எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார். புற்றுநோய் என்று வந்தது.

அன்று தொடக்கம் எல்லோருக்கும் ஒரே கேள்வி.

"வெத்திலை போடுறனீங்களோ ரீச்சர்?"

கோயில் வாசலில் கேட்டார்கள், பஸ்சில் கேட்டார்கள், ஆசிரியர் அறையில் என்னோடு பத்து வருடமாகத் தேநீர் குடித்தவர்களும் கேட்டார்கள். நான் வெற்றிலை போடுவதில்லை, புகையிலை வாயில் வைத்ததில்லை. இல்லை என்று சொன்னால் ஒரு பார்வை வரும். களவாகப் போட்டிருப்பாள் என்கிற பார்வை. நோய் வந்தவள் ஏதோ செய்திருக்க வேண்டும். அப்படியிருந்தால்தான் தங்களுக்கு வராது என்று மற்றவர்கள் நிம்மதியாக இருக்கலாம்.

தெற்கே உள்ள பெரிய ஆஸ்பத்திரியில் சத்திரசிகிச்சை நடந்தது. நாக்கின் இடது பக்கத்தை எடுத்து, முன்னங்கையிலிருந்து தோலும் சதையும் வெட்டி அந்த இடத்தில் வைத்துத் தைத்தார்கள். கழுத்தைத் திறந்து நெறிக்கட்டிகளையும் எடுத்தார்கள். மூக்கு வழியாகக் குழாய், தொண்டையில் ஒரு துளை. பேச்சு இல்லை. வேண்டியதைக் கைத்தொலைபேசியில் எழுதிக் காட்டுவேன்.

சத்திரசிகிச்சைக்கு முதல் நாள் ஒரு இளம் மருத்துவர் என் கட்டிலுக்கு வந்திருந்தார். தமிழ்ப் பெடியன், மன்னாரில் பிறந்து வளர்ந்தவர். அவருடைய தகப்பனும் என் கணவரும் ஒரே வகுப்பில் படித்தவர்கள் என்று கதைத்துக் கண்டுபிடித்தார்கள். அவர் ஒரு ஆராய்ச்சிக் குழுவில் இருந்தார்.

"ரீச்சர், வெட்டுற கட்டியில சோதனைக்குப் போனது போக ஒரு சின்னத் துண்டு மிஞ்சும். அதில எந்தெந்த மரபணு எவ்வளவு வேலை செய்யுது எண்டு அளந்து பாத்தா, இந்த வருத்தம் பிறகு எப்பிடிப் போகும் எண்டு முன்கூட்டியே சொல்லலாமோ எண்டு ஆராயுறம். அந்தத் துண்டைத் தாறதுக்கு உங்களுக்குச் சம்மதமோ?"

"படிப்புக்கெண்டால் எடுங்கோ. என்ன வந்தது எண்டு எனக்கும் சொல்லுங்கோ," என்றேன். அப்போது என்னால் பேச முடிந்தது. என் பழைய குரலில் நான் கடைசியாகக் கேட்ட காரியங்களில் அது ஒன்று.

அவர் சிரித்துத் தலையாட்டினார்.

வீட்டுக்கு வந்து சில கிழமை கழித்து, வெட்டியதன் முழுச் சோதனை முடிவைக் கேட்க ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்லியிருந்தார்கள். எனக்கு அவ்வளவு தூரம் பஸ்சில் இருக்க உடம்பு இடம் கொடுக்கவில்லை. என் கணவர் ஐஸ் தொழிற்சாலையில் மேற்பார்வையாளர். லீவு போட்டுவிட்டுத் தனியாகப் போய், அடுத்த நாள் பின்னேரம் வந்தார். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே சொன்னார்.

"எல்லாம் வடிவா எடுத்தாச்சாம். ரேடியேசன் ஒண்டும் தேவையில்லையாம். நல்லாச் சாப்பிட்டு உடம்பைத் தேத்தட்டாம்."

நான் சிரித்தேன். அப்போது எனக்குச் சிரித்தால் வாயின் ஒரு பக்கத்தால் எச்சில் வழியும். வழிய வழியச் சிரித்தேன். அவர் தன் கைலேஞ்சியை எடுத்துத் துடைத்துவிட்டார். அவர் கண்ணும் கலங்கியிருந்தது. சந்தோசத்தில் என்று எண்ணினேன்.

அதற்குப் பிறகு வந்த கிழமைகளை நினைத்தால்தான் எனக்கு உடம்பு பற்றி எரிகிறது. நான் அந்த நாட்களில் அவ்வளவு சந்தோசமாக இருந்தேன். காலையில் கண்ணாடிக்கு முன் நின்று வாய்ப்பாடு சொல்லிப் பழகினேன். ஏழு எனக்கு வரவில்லை. பதினேழு, இருபத்தேழு, எல்லாம் வழுக்கிக்கொண்டு போகும். ஏழு வராமல் கணித ரீச்சர் எப்படி வகுப்புக்குப் போவது? விடவில்லை. ஏழாம் வாய்ப்பாட்டைத் திரும்பத் திரும்பச் சொன்னேன். பக்கத்து வீட்டுக்குக் கேட்டாலும் கேட்கட்டும் என்று சொன்னேன்.

வீட்டில் எல்லோரும் என்னோடு மெத்தென்று நடந்தார்கள். என் கணவர் மத்தியானமே வேலையால் வந்துவிடுவார். கல்யாணம் முடித்த காலம் முதல் என்னை ஒரு கண்ணாலும் பிடிக்காத மச்சாள், அவருடைய அக்கா, பாப்பாமோட்டையிலிருந்து ஊர்க்கோழியும் வீட்டு நெல்லரிசியும் கொண்டு வந்து சூப் வைத்தா. ஒருநாள் என்னைக் கதிரையில் இருத்தி, தலைக்கு எண்ணெய் வைத்து வாரிவிட்டா. "உனக்கு நல்ல தலைமயிர் பிள்ளை," என்றா. இவவுக்கு என்ன நடந்தது என்று நினைத்தேனே தவிர, எனக்கு என்ன நடக்கிறது என்று நினைக்கவில்லை. யாழ்ப்பாணத்தில் விடுதியில் நின்று படிக்கும் மகளை ஒவ்வொரு சனிக்கிழமையும் கூப்பிட்டார்கள். அவளுக்கும் காரணம் தெரியாது.

லீவு முடிந்ததும் பாடசாலைக்கு வருகிறேன் என்று அதிபரிடம் போய்ச் சொன்னேன். அவர் மேசையில் இருந்த சோக்குப் பெட்டியைப் பார்த்துக்கொண்டு, "ஆறுதலா வாங்கோ ரீச்சர். பதினோராம் வகுப்புக்கு வேற ஒராளைப் போட்டாச்சு," என்றார்.

பிறகு மடுமாதா கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். திருவிழாக் காலமில்லை, சாதாரண வேலை நாள். ஹயர் வான் ஒன்றில் நாங்களும் மச்சாளும் சாமியாரும். கோயிலில் சாமியார் என் நெற்றியிலும் கைகளிலும் எண்ணெய் பூசிச் செபித்தார். நோயாளிகளுக்குப் பூசுகிற எண்ணெய்.

"சுகமாயிட்டன்தானே பாதர், இனி என்னத்துக்கு?" என்று கேட்டேன்.

"நல்லதுக்குத்தான் மகள்," என்றார்.

வெளியே வந்ததும் மச்சாள், "ஒரு படம் எடுப்பம்," என்றா. எல்லோரும் சேர்ந்து நிற்கத்தான் சொல்கிறா என்று நான் கணவரின் பக்கத்தில் போய் நின்றேன். "இல்லை, நீ தனிய நில். தனிய ஒரு நல்ல படம் இருக்கவேணும்." மச்சாள் என் சேலைத் தலைப்பைச் சரிசெய்து, கழுத்துத் தழும்பை மறைத்துவிட்டா. நான் நின்றேன். சிரித்துக்கொண்டு நின்றேன். எதற்கு அந்தப் படம் என்று இப்போது எல்லோருக்கும் விளங்கும். எனக்கு அன்று விளங்கவில்லை.

விளங்கவைத்தவர் பல் வைத்தியர். வலது பக்கப் பல் ஒன்று கூசுகிறது என்று அவரிடம் தனியாகப் போயிருந்தேன். வாயைத் திறக்கச் சொல்லி, விளக்கைப் பிடித்து, தைத்த இடத்தைப் பார்த்தார். வடிவாக ஆறியிருக்கிறது என்றார். பிறகு கையுறையைக் கழற்றிக்கொண்டே கேட்டார்.

"ரேடியேசன் எப்ப முடிஞ்சது ரீச்சர்? வாய் இவ்வளவு ஈரமா இருக்கே, நல்லா இருக்கு."

"எனக்கு ரேடியேசன் தேவையில்லை எண்டவை."

அவர் என்னைப் பார்த்த பார்வையை இன்னும் மறக்கவில்லை.

"ஆர் சொன்னது?"

"டொக்டர்மார் இவரிட்டைச் சொல்லிவிட்டவை."

அவர் அங்கேயே, எனக்கு முன்னாலேயே தொலைபேசியை எடுத்தார். தெற்கு ஆஸ்பத்திரியில் தெரிந்த மருத்துவர் ஒருவரை அழைத்தார். சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் கதை போனது. எனக்கு இரண்டும் விளங்கும். ஒரு நெறிக்கட்டியில் நோய் இருந்தது. சத்திரசிகிச்சை முடிந்து ஆறு கிழமைக்குள் கதிர்ச் சிகிச்சை தொடங்கியிருக்க வேண்டும், கூடவே மருந்தும் ஏற்ற வேண்டும். ஆஸ்பத்திரியிலிருந்து பல தடவை அழைத்தார்களாம். கணவர், நோயாளி பலவீனமாக இருக்கிறா, பிறகு கொண்டு வருகிறேன் என்று ஒவ்வொரு தடவையும் சொன்னாராம். அந்த ஆறு கிழமை எப்போதோ கடந்து போயிருந்தது.

பல் வைத்தியர் என் தோளில் கையை வைத்தார். நான் அந்தக் கையை எடுத்துவிட்டேன். அவரோடு கோபமில்லை. அந்த நேரம் யாராவது என்னைத் தொட்டால் நான் அழுதிருப்பேன். அழ எனக்கு விருப்பமில்லை. எனக்குக் கத்த வேண்டும் போலிருந்தது.

எங்கள் ஊரான தோட்டவெளிக்கு ஓட்டோவில் வந்து இறங்கினேன். சோளகக் காற்று மணலை அள்ளி முகத்தில் அடித்தது. என் கணவர் முற்றத்தில் நின்று தண்ணீர்த் தொட்டியைக் கழுவிக்கொண்டிருந்தார். மச்சாள் குசினியில். நான் நேரே குசினிக்குப் போய், அடுப்பிலிருந்த சூப் பானையை எடுத்து வந்து முற்றத்து மணலில் கவிழ்த்தேன்.

"எனக்கு என்ன வருத்தம்? சொல்லுங்கோ."

என் பேச்சு குழறியது. கோபம் வந்தால் இன்னும் குழறும். ஆனால் அவருக்கு விளங்கியது. கையிலிருந்த தும்புக்கட்டையைக் கீழே வைத்தார்.

"இரும், சொல்லுறன்."

"இருக்கமாட்டன். இப்ப சொல்லுங்கோ."

சொன்னார். சோதனை முடிவைக் கேட்டுவிட்டு அங்கே தங்கிய அன்று இரவே அந்த இளம் மருத்துவர் அவரை அழைத்திருக்கிறார். ஆராய்ச்சிக்கு எடுத்த துண்டில் மரபணுக்களை அளந்து பார்த்தார்களாம். திரும்பி வரக்கூடிய வகைக் கட்டியாம். ஆபத்துக் கூடிய பக்கத்தில் நிற்கிறதாம். அதை அக்காவுக்கும் சாமியாருக்கும் அதிபருக்கும் இவரே சொல்லியிருக்கிறார்.

"எப்பிடியும் திரும்பி வரும் எண்டு அந்தப் பெடியன் சொன்னவன். அப்பாவை நீர் காணேல்லை. அவருக்கும் தொண்டையில இதே வருத்தம்தான். ரேடியேசன் குடுத்து, தண்ணி ஒரு மிடறு இறங்காம, எரிஞ்சு எரிஞ்சு செத்தவர். நான்தான் பக்கத்தில இருந்தனான். வாறது வரத்தான் போகுது, உம்மையும் ஏன் எரிக்கவேணும் எண்டு நினைச்சன். இருக்கிற நாளையாவது சந்தோசமா..."

"ஆற்றை நாள்?"

அவர் தொட்டிப் பக்கம் திரும்பினார்.

"ஆற்றை நாள் அது?"

"உம்மடை..."

"என்ரை நாளெண்டால் என்னட்டையெல்லோ கேட்டிருக்கவேணும்!"

மச்சாள் இடையில் வந்தா. "அவன் உன்னில வைச்ச பாசத்திலதான் பிள்ளை..."

"உங்கடை பாசம் எனக்குச் செத்த வீட்டுப் படமெல்லோ எடுத்து வைச்சிருக்கு மச்சாள்."

அவ முகத்தை மூடிக்கொண்டு உள்ளே போய்விட்டா. நான் அன்றே பையைக் கட்டினேன். தானும் வருகிறேன் என்று அவர் நின்றார். "நீங்கள் வந்தால் நான் போகமாட்டன்," என்றேன். விடிய முதல் பஸ்சில் தனியாகப் போனேன்.

ஆஸ்பத்திரியில் புற்றுநோய் வைத்திய நிபுணர் என்னைப் பார்த்து, பிந்திவிட்டது, இருந்தாலும் உடனே தொடங்குவோம் என்றார். அதற்கு முன் எனக்கு அந்த இளம் மருத்துவரைக் காண வேண்டியிருந்தது. அவர் ஆராய்ச்சிக் கட்டடத்திலிருந்து ஓடி வந்தார். என்னைக் கண்டதும் முகம் மலர்ந்தது.

"ரீச்சர், கடைசியா வந்திட்டீங்கள்! நான் உடனே வரச்சொல்லியெல்லோ அங்கிளிட்டைச் சொன்னனான்."

"என்ன சொன்னனீங்கள்? அப்பிடியே சொல்லுங்கோ."

அவர் சொன்னார். கட்டி திரும்பி வரக்கூடிய வகை போல் தெரிகிறது, ஆகவே நாள் கடத்தாமல் கூட்டி வாருங்கோ, ரேடியேசனோடு மருந்தும் ஏற்றுவதைப் பற்றிக் கேளுங்கோ. இவ்வளவுதான் அவர் சொன்னது. அதாவது விரைவாக வா என்று சொன்னதை, இனி வந்து பயனில்லை என்று என் வீட்டில் கேட்டிருக்கிறார்கள்.

"ஏன் தம்பி எனக்குச் சொல்லேல்லை? என்ரை துண்டு. நான் உங்களிட்டைக் கேட்டனான், சொல்லுங்கோ எண்டு."

அவர் தயங்கினார். "உங்களுக்குக் கதைக்கக் கஷ்டமா இருந்தது. போன்ல எப்பிடி எண்டு..."

"என்ரை நாக்கைத்தானே வெட்டினவை. காதை வெட்டேல்லையே."

தாழ்வாரத்தில் போன ஒரு தாதி திரும்பிப் பார்த்தார். அந்தப் பெடியனின் முகம் சிவந்துவிட்டது. உண்மையில் அதை யாருக்குமே சொல்லியிருக்கக்கூடாது என்றார். இன்னும் ஆராய்ச்சியில் இருக்கிற காரியமாம், வைத்தியத்துக்குப் பயன்படுத்தும் அளவுக்கு உறுதியாகவில்லையாம். ஊர்க்காரர் என்ற உரிமையில், நல்லது நடக்கட்டும் என்று சொல்லிவிட்டாராம்.

"சரி. இப்ப எனக்கு விளங்கப்படுத்துங்கோ. நான் கணிதம் படிப்பிக்கிறனான். மெல்லச் சொல்லத் தேவையில்லை."

அவர் என்னைத் தன் அறைக்குக் கூட்டிக்கொண்டு போனார். உடம்பிலுள்ள ஒவ்வொரு கலத்திலும் ஒரே மரபணுக்கள்தான் இருக்கின்றன. ஆனால் எல்லாம் ஒரே நேரத்தில் வேலை செய்வதில்லை. சில மும்முரமாக வேலை செய்யும், சில சும்மா கிடக்கும். புற்றுக் கட்டியில் அந்த ஒழுங்கு குழம்பிவிடும். எது கூடியிருக்கிறது, எது குறைந்திருக்கிறது என்று அளந்து, அதிலிருந்து பரீட்சைக்குப் போல ஒரு புள்ளி கணிக்கிறார்கள். புள்ளி கூடினால் ஆபத்துக் கூடிய குழு, குறைந்தால் ஆபத்துக் குறைந்த குழு. கணினியில் ஒரு வரைபடத்தைக் காட்டினார். வருடம் போகப் போக நோய் திரும்பாமல் இருப்பவர்கள் எத்தனை பேர் என்று காட்டும் இரண்டு கோடுகள், படி படியாகக் கீழே இறங்கின. மேல் கோடு மெல்ல இறங்கியது, கீழ்க் கோடு வேகமாக இறங்கியது.

"நான் எதில நிக்கிறன்?"

"கீழ்க் கோட்டில."

நான் கீழ்க் கோட்டை விரலால் தடவிக்கொண்டு போனேன். கடைசியில் அது தரையைத் தொடவில்லை. தரைக்கு மேலேயே நின்றது.

"இது பூச்சியத்தில முடியேல்லையே."

"இல்லை."

"அப்ப இந்தக் கோட்டில நிண்டவையிலயும் சுகமா இருக்கிற ஆக்கள் இருக்கினம்."

"ஓம் ரீச்சர், இருக்கினம்."

"இதெல்லாம் ஆற்றை கட்டிகள்?"

இந்தப் புள்ளி முறையை முதலில் உருவாக்கியது வெளிநாட்டு நோயாளிகளின் கட்டிகளை வைத்து என்றார். பெரும்பாலும் ஆண்கள், பெரும்பாலும் புகைப்பவர்களும் குடிப்பவர்களும். எங்கள் நாட்டு வாய்ப் புற்றுக்கு, வெற்றிலை போட்டவர்களுக்கு, அதுவும் போடாத என்னைப் போன்ற பெண்களுக்கு அது எவ்வளவு பொருந்தும் என்று இன்னும் தெரியாது. அதைக் கண்டுபிடிக்கத்தான் இந்த ஆராய்ச்சி.

ஒவ்வொரு வருடமும் பிள்ளைகளுக்கு நிகழ்தகவு படிப்பிக்கும்போது இதைத்தான் சொல்லிக் கொடுக்கிறேன். ஒரு கூட்டத்துக்குச் சொல்லும் கணக்கு, அந்தக் கூட்டத்தில் நிற்கிற ஒருத்தியின் விதி ஆகாது. எங்கள் வீட்டில் அதை விளங்கிக்கொள்ளக்கூடிய ஆள் நான் ஒருத்தி. என்னை விட்டுவிட்டு ஊர் முழுவதும் அதை வைத்து எனக்கு முடிவு கட்டியிருக்கிறது. அந்த அறையில் இருந்தபோது எனக்குப் பயம் வரவில்லை. பயத்துக்கு இடமே இருக்கவில்லை, அவ்வளவு கோபம்.

"தெரியாத ஒண்டைத் தெரிஞ்ச மாதிரிச் சொல்லிப்போட்டீங்கள் தம்பி," என்றேன். "அதுவும் ஆள் மாறிச் சொல்லிப்போட்டீங்கள்."

"மன்னிச்சுக்கொள்ளுங்கோ ரீச்சர்."

மன்னிக்கிறேன் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அவரோடு கதைப்பதை நிறுத்தவும் இல்லை. கேட்டதற்கு மறைக்காமல் பதில் சொன்ன ஆள் அவர் ஒருவர்தான்.

கதிர்ச் சிகிச்சை என் மாமனாருக்குச் செய்ததை எனக்கும் செய்தது. அதை ஒளிக்க மாட்டேன். முகத்துக்கு அளவாக ஒரு வலை முகமூடி செய்து, தலையை மேசையோடு பூட்டிவிட்டு எல்லோரும் வெளியே போய்விடுவார்கள். மூன்றாம் கிழமை வாய் முழுவதும் புண். எச்சில் வற்றிவிட்டது. கஞ்சியும் மணல் போல இருந்தது. ஒரு மிடறு தண்ணீருக்குக் கண்ணீர் வந்தது. கன்னியாஸ்திரிகள் நடத்தும் ஒரு விடுதியில் தங்கியிருந்தேன். அங்கே கட்டிலில் கிடந்து, இவர் பயந்ததும் பொய்யில்லைத்தான் என்று நினைத்த நாட்களும் உண்டு. ஆனால் அந்த வேதனை நான் தெரிந்து எடுத்த வேதனை. வேண்டாமென்று எழும்பிப் போகவும் எனக்கு உரிமை இருந்தது. நான் போகவில்லை.

இரண்டாம் கிழமையே என் கணவர் வந்துவிட்டார். நான் கூப்பிடவில்லை. ஒவ்வொரு நாளும் சிகிச்சை அறைக்கு வெளியே மர வாங்கில் இருந்தார். நான் வெளியே வந்தால் தண்ணீர்ப் போத்தலை நீட்டுவார். வாங்குவேன், கதைக்க மாட்டேன். கதைக்க வாயும் இல்லை. ஒருநாள் மட்டும், "அப்பா கேட்டவர், என்னைக் கொண்டுபோ வீட்டை எண்டு. நான் கொண்டு போகேல்லை. அதுதான் உம்மை எண்டாலும்..." என்று தொடங்கினார். எனக்கு இரக்கம் வந்தது. இரக்கம் வந்ததற்காகக் கோபம் போகவில்லை. இரண்டும் ஒரே நெஞ்சில் கிடந்தன, இன்றும் கிடக்கின்றன.

சுகமாகி ஊருக்கு வந்தபோது மச்சாள் தேங்காயும் பூவும் கொண்டு வந்து, "மடுமாதா உன்னைக் காப்பாத்திப்போட்டா," என்றா.

"ஓம் மச்சாள். உங்களிட்டையிருந்து காப்பாத்தினவா," என்றேன்.

அதற்குப் பிறகு அவ நீண்ட நாள் வரவில்லை. சாமியார் ஒருநாள் வந்து, குடும்பத்தில் சமாதானம் வேண்டும் என்றார். நான் அவருக்குத் தேநீர் கொடுத்தேன். "அண்டைக்கு எண்ணெய் பூசேக்க, ஏன் பூசுறன் எண்டு எனக்குச் சொல்லியிருக்கலாம் பாதர்," என்றேன். தேநீரைப் பாதியில் வைத்துவிட்டுப் போனார்.

அடுத்த வருடம் கழுத்தின் வலது பக்கத்தில் ஒரு கட்டி தட்டுப்பட்டது. நோய் திரும்பியிருந்தது. மறுபடி சத்திரசிகிச்சை. இந்தத் தடவை எல்லா முடிவுகளையும் எனக்குத்தான் சொன்னார்கள். என் கணவரைப் பார்த்துச் சொல்லத் தொடங்கிய ஒரு மருத்துவரை அவரே தடுத்து, "அவவிட்டைச் சொல்லுங்கோ," என்றார்.

அந்தச் சத்திரசிகிச்சைக்குப் பிறகு இளம் மருத்துவர் என்னைப் பார்க்க வந்தார். நான் அவரிடம் கேட்டேன்.

"உங்கடை ஆராய்ச்சியில இப்ப நான் எப்பிடி நிக்கிறன்?"

அவர் கீழே பார்த்துக்கொண்டு சொன்னார். நோய் திரும்பியவர்களில் ஒருத்தியாக என்னைச் சேர்த்தாயிற்றாம்.

"அப்ப உங்கடை புள்ளி சரி எண்டு வரும்."

"உங்கடை விசயத்தில... ஓம், சரி எண்டுதான் வரும்."

அந்தக் கணக்கில் என் கட்டி இருக்கிறது, என் வயது இருக்கிறது. என் கணவர் இல்லை. மச்சாள் இல்லை. மடுவுக்குப் போன வான் இல்லை. மரபணு சொன்னபடி நோய் திரும்பியதா, அல்லது சொன்னதைக் கேட்டு இவர்கள் சிகிச்சையை நிற்பாட்டியதால் திரும்பியதா? முன்கணிப்பு பலித்ததா, பலிக்க வைத்தார்களா?

"எது எண்டு சொல்லுங்கோ தம்பி."

"சொல்ல ஏலாது ரீச்சர். உண்மையா எனக்குத் தெரியாது. ஒருத்தருக்கும் தெரியவராது."

"ரேடியேசன் பிந்தினது எழுதியிருக்கோ?"

"தொடங்கின திகதி இருக்கு."

"ஏன் பிந்தினது எண்டு?"

"அதுக்கு அதில இடமில்லை."

"இடத்தை உண்டாக்குங்கோ. நோயாளிக்குச் சொல்லேல்லை எண்டு எழுதுங்கோ. வீட்டுக்காரருக்குச் சொல்லி, அவை நிற்பாட்டினவை எண்டு எழுதுங்கோ. நான் ஒருத்தி மட்டும் எண்டு நினைக்கிறீங்களோ? இந்த நாட்டில எத்தினை பொம்பிளையளுக்கு இப்பிடி நடந்திருக்கும்? உங்கடை கீழ்க் கோட்டில எத்தினை பேரை வீட்டுக்காரர் கீழ இறக்கினவை எண்டு உங்களுக்குத் தெரியுமோ?"

அவர் அதைத் தன் குறிப்புப் புத்தகத்தில் எழுதிக்கொண்டு போனார். பிறகு ஒருநாள் அழைத்து, குழுவில் கதைத்ததாகவும், சிகிச்சை பிந்திய காரணத்தை இனி நோயாளியிடமே கேட்டுப் பதிவதாகவும் சொன்னார். "நல்லது," என்றேன். அதற்கு மேல் அவரைப் பாராட்ட எனக்கு மனம் வரவில்லை.

இந்த அளவீட்டின் மேல் எனக்குக் கோபமில்லை. அது நல்லபடி வளர வேண்டும். யாருக்குக் கூடிய சிகிச்சை வேண்டும், யாரைச் சும்மா எரிக்கத் தேவையில்லை என்று ஒருநாள் அது சரியாகச் சொன்னால், என் மாமனாரைப் போல ஒருவர் அவதிப்படாமல் போகலாம். ஆனால் அதை யாருடைய காதில் சொல்வது என்பதை எந்த இயந்திரமும் அளந்து தராது.

சில வருடங்களாக மறுபடி பாடசாலைக்குப் போகிறேன். என் பேச்சு பிள்ளைகளுக்குப் பழகிவிட்டது. புதிதாக வருகிறவர்கள் முதல் கிழமை சிரிப்பார்கள், பிறகு கணக்கில் மறந்துவிடுவார்கள். தண்ணீர்ப் போத்தல் இல்லாமல் ஒரு பாடவேளை தாங்காது.

போன தடவை பரிசோதனைக்குத் தனியாகப் போனேன். நிபுணர் கழுத்தை வருடி, வாய்க்குள் பார்த்து, படங்களைப் பார்த்து, ஒன்றும் இல்லை என்றார். இனி வருடத்துக்கு ஒரு தடவை வந்தால் போதும் என்றார். மத்தியான பஸ்சில் ஏறி இருந்தேன். கணவர் அழைத்தார்.

"என்ன சொன்னவை?"

"வந்து சொல்லுறன்," என்று வைத்துவிட்டேன்.

அவர் திரும்ப அழைத்தார். எடுக்கவில்லை. தெரியாமல் இருப்பது எப்படியிருக்கும் என்று அவரும் கொஞ்சம் அறியட்டும் என்று இருந்தேன். புத்தளம் போனது, அநுராதபுரம் போனது. அவர் அழைத்துக்கொண்டே இருந்தார். பக்கத்து ஆசனத்துப் பெண், "எடுங்கோவன் அம்மா, பாவம் ஆரோ," என்றா. மதவாச்சியில் பஸ் நின்றபோது எனக்கு அலுத்துவிட்டது. அவர்கள் எனக்குச் செய்ததை அவருக்கு அதற்கு மேல் செய்ய என்னால் முடியவில்லை.

எடுத்துச் சொன்னேன். ஒன்றும் இல்லையாம், இனி வருடத்துக்கு ஒருக்கால்தானாம் என்றேன்.

மறுபக்கத்தில் அவர் சத்தமாக அழுதார். நான் தேற்றவில்லை. காதில் வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தேன்.